எனக்காக நின்ற கை

திங்கள், 9 ஜூன்

காலையில் பனி. எதிர் மேடு தெரியவில்லை. ஒன்பது மணிக்குத்தான் விலகியது.

வலி: காலை 7, மாலை 8.

இதை எழுதக் காரணம் நர்ஸம்மா, எங்கள் வாயில் மிஸ்ஸி. போன வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, பத்துக்கு எத்தனை வலி என்று காலையும் மாலையும் குறிக்கச் சொன்னார். வேறு எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் பக்கம் பெரிதாக இருக்கிறது. இரண்டு எண்ணை எழுதிவிட்டு மூட மனசு வரவில்லை.

பத்து என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "உங்களால தாங்கவே முடியாத வலின்னு ஒன்னு இருக்கும்ல அண்ணே, அதான் பத்து" என்றார். அப்படிப் பார்த்தால் நான் எட்டைத் தாண்டியதில்லை. வீட்டில் மனைவி லெட்சுமியிடம் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்றவள். "ஒங்களுக்கே எட்டா? அப்ப எனக்கு நாப்பது" என்றாள். நோட்டில் அதற்கு இடமில்லை.

வலிக்கும் இடம்: இடுப்பில் இடது பக்கம். அங்கிருந்து தொடை, கெண்டைக்கால், கடைசியில் பெருவிரல்.
உட்கார்ந்தால் 8.
நின்றால் 6.
படுத்தால் 5.
கொழுந்து வெட்டும் மிஷின் பிடித்தால்? பிடித்து ஆறு வாரம் ஆகிறது. தெரியாது.

செவ்வாய், 10 ஜூன்

வெயில். தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. யார் யாரோ வெட்டுகிறார்கள்.

வலி: 7, 7.

வேலை இல்லை என்றாலும் காலைப் பெரட்டுக்குப் போய் நின்றேன். பெயர் கூப்பிடும் இடத்தில் நின்றால்தான் அன்றைக்கு விடிந்த மாதிரி இருக்கிறது. கணக்கு எழுதும் கிராணி பெயர்களை வாசித்தார். "சேகர், ரஹிம், ஏழாம் நம்பர் மிஷின்." பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் "சேகர், மணியம்" என்றுதான் வரும். காது ஒருமுறை என் பெயருக்குக் காத்திருந்துவிட்டு ஏமாந்தது.

எங்கள் மிஷினை ஒற்றை ஆள் பிடிக்க முடியாது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் கத்தி. வெட்டிய கொழுந்து பின்னால் பைக்குள் பறந்து போகும். ஒரு முனையில் மோட்டர் இருக்கும், கனம் எல்லாம் அங்கேதான். மோட்டர் பிடிப்பவன் சத்தத்தை ஏற்றினால் மறுமுனைக்காரன் கால் எடுத்து வைக்க வேண்டும். யோசித்து வைத்தால் கத்தி கோணும், செடி மொட்டையாகும். காலுக்கே தெரிய வேண்டும்.

தோட்ட மேனேஜர் துரை கூப்பிட்டு நல்ல மாதிரிதான் பேசினார். "இந்த மாசம் முடியட்டும், மணியம். முடியலன்னா சேகர்-ரஹிம் ஜோடிய அப்படியே வெச்சிடுறேன். நீங்க பேக்டரிக்கு வந்து கூட்டிப் பெருக்குங்க. கஷ்டம் இல்லாத வேலை லா."

கஷ்டம் இல்லாத வேலைதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சேகருக்கு எதிரே நடக்காமல் மீதி வருஷங்களை எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை.

(சேகர் லெட்சுமியின் தம்பி. எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாமா. மிஸ்ஸி படித்தால் புரியட்டும்.)

புதன், 11 ஜூன்

வலி: 8, 7. மழை மாலையில்.

ஒரு பழைய கோபம் ஞாபகம் வந்தது. முதலில் மோட்டர் பக்கம் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சேகர், "மாமா, நீங்க கண்டபடி வேகமா ஓட்டுறீங்க. இனிமே மோட்டர் எங்கிட்ட" என்று பிடுங்கிக்கொண்டான். எல்லார் முன்னாலும். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. மிஷினின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் முழுக்கப் பேசாமல் வெட்டினோம். பை பிடித்தவன்தான் பாவம்.

இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

வியாழன், 12 ஜூன்

வலி: 7, 7.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடுத்த செவ்வாய், 17-ஆம் தேதி, முதுகில் ஊசி. மிஸ்ஸி ஒரு செய்தி சொன்னார். மூன்று முறை திருப்பிக் கேட்டேன். ஊசிக்கு ரோபோ கை துணை செய்யுமாம்.

"ரோபோவா குத்தும்?"

"இல்லண்ணே. வழியப் புடிச்சிட்டு நிக்கும். குத்துறது டாக்டர்தான். போன வருசம் கையால முயற்சி பண்ணப்ப எலும்பு மறிச்சிருச்சில்ல, அதுக்காகத்தான் இது. இதுலயும் சரியா வரலன்னா ஆப்பரேசன் பத்திப் பேசணும்."

லெட்சுமி சமையல் கரண்டியோடு வந்து நின்றாள். "ரோபோவா? கரண்டு போனா?" நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. போன் வைத்த பிறகு தோன்றி என்ன பயன்.

ஆக, கணக்கு இதுதான். ஊசி வேலை செய்தால் மாதக் கடைசியில் பெரட்டில் என் பெயர். செய்யாவிட்டால் ஆப்பரேசன், துடைப்பம்.

ஞாயிறு, 15 ஜூன்

பனி, அப்புறம் நல்ல வெயில். கீழே ரோட்டில் சுற்றுலா காடிகள் நகராமல் நின்றன. ஸ்ட்ராபெரிக்கு இவ்வளவு கூட்டமா.

வலி: 6, 8. (கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். புத்தி கெட்ட வேலை.)

எடுத்துப் போக வேண்டியவை: அடையாளக் கார்டு. பழைய எக்ஸ்ரே படங்கள். மருந்துச் சீட்டு. சுவெட்டர். இந்த நோட்டு. கைலி ஒன்று. லெட்சுமி விபூதிப் பொட்டலமும் வைத்துவிட்டாள். ரோபோவுக்கா எனக்கா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்" என்றாள்.

சேகர் வந்து காடியில் தானே கூட்டிப் போவதாகச் சொன்னான். லீவு போட்டுவிட்டானாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றே தேத்தண்ணி குடித்தான்.

செவ்வாய், 17 ஜூன்

வலி: காலை 8. மாலையை அப்புறம் எழுதுகிறேன். இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஐந்தரைக்குப் புறப்பாடு, சேகர், லெட்சுமி, நான். குளிர். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. கம்போங் ராஜா வரை அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனோம். அங்கே கடையில் இரண்டு பேரும் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். நான் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்தா வலி ஏறுமா மாமா?" என்றான் சேகர். ஏறும். ஒரு புள்ளி.

இறக்கத்தில் இரண்டு தடவை காடியை நிறுத்தி, இறங்கி நின்று காலை உதறினான். எனக்காகத்தான் நிறுத்துகிறான் என்று நானும் இறங்கி நின்றேன்.

பத்தரைக்கு உள்ளே. மிஸ்ஸி கூடவே இருந்தார், நல்ல வேளை. டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன உருவம், கண்ணாடி, என் மூத்த மகள் வயது இருக்கும். குப்புறப் படுக்கை. வயிற்றுக்கு அடியில் தலையணை. முதுகில் ஏதோ குண்டு குண்டாக ஒட்டினார்கள். மேலே ஒரு கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம்.

கை ஓரமாக நின்றது. வெள்ளை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருந்தது, விரல் மட்டும் இல்லை. விரல் இருக்க வேண்டிய இடத்தில் சிறு குழாய். ஊசி அதற்குள் புகுந்துதான் என் முதுகுக்கு வரும்.

முதலில் படம் பிடித்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் முதுகெலும்பு! ஐம்பத்திரண்டு வருஷம் நான் சுமந்தது, என்னைச் சுமந்தது, இன்றைக்குத்தான் முகம் பார்த்தோம். அடுக்கு அடுக்காக, சின்னச் சின்னதாக. இதை வைத்துக்கொண்டா மோட்டரைத் தூக்கி மேடு ஏறினேன்? கும்பிடத் தோன்றியது, கை தலையணைக்கு அடியில் இருந்தது.

டாக்டர் ஒரு இடத்தைக் காட்டினார். நரம்பு வெளியே வரும் ஓட்டை. பக்கத்தில் எலும்பு வளர்ந்து மறித்திருக்கிறது. மீதி இருக்கும் வழி, ஒரு கொழுந்துக் காம்பு நுழையும் அளவு. அந்த வழியில் திரையில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுலதான் கை வந்து நிக்கும்" என்றார் மிஸ்ஸி.

மரக்க வைக்கும் ஊசி முதலில். கொஞ்சம் எரிச்சல். பிறகு டாக்டர், "ஜாங்ஙான் கெராக் யா, பாக்சிக்" என்றார். அசையக் கூடாது, அங்கிள் என்று அர்த்தம். அசையமாட்டேன் என்றேன். கல் மாதிரி கிடப்பேன் என்றும் சொன்னேன், யாரும் கேட்காமலே.

கை புறப்பட்டது. மெல்லிய மோட்டர் சத்தம். ஊம் என்று ஆரம்பித்து, ஏறியது.

என் இடது கால் அடி எடுத்து வைத்தது.

நான் வைக்கவில்லை. சத்தியமாக நான் இல்லை. மோட்டர் சத்தம் ஏறினால் இடது கால் போக வேண்டும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடுப்போடு சேர்ந்து மொத்தமாக இடது பக்கம் நகர்ந்துவிட்டேன்.

கை நின்றுவிட்டது. அந்தரத்தில், அப்படியே. வெட்கத்தில் காது சுட்டது. ஊசி இன்னும் இறங்கவில்லை, அதனால் ஆபத்து இல்லை என்று மிஸ்ஸி சொன்னார். "ஏண்ணே நகந்தீங்க? வலியா?"

சொன்னேன். மிஷின், மோட்டர், சேகர், எல்லாவற்றையும். மிஸ்ஸி மலாயில் சொல்லச் சொல்ல டாக்டருக்குச் சிரிப்பு. திட்டவில்லை. உங்கள் ஆள் மிஷினை நிறுத்த என்ன சொல்வார் என்று கேட்டார். "நிப்பாட்டு" என்றேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நிப்பாத்து."

அப்புறம்தான் அந்த அதிசயம். நான் பழைய இடத்துக்கு நகர வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். நான் நகர்ந்ததைக் கேமரா அளந்துவிட்டதாம். மறுபடி ஒரு படம் எடுத்துச் சரிபார்த்தார்கள். கை மெல்ல அசைந்தது, இடது பக்கமாக. நான் எவ்வளவு போயிருந்தேனோ அவ்வளவு. என்னைத் தேடி வந்து நின்றது.

எத்தனை மிஷின் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நான்தான் காலை மாற்றிக்கொண்டேன். என் காலுக்காகத் தன் இடத்தை மாற்றிக்கொண்ட மிஷினை இன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வலி என்று நினைத்து மிஸ்ஸி துடைத்துவிட்டார்.

அதன் பிறகு சத்தம் ஏறும் ஒவ்வொரு தடவையும் டாக்டர், "நிப்பாத்து, பாக்சிக்" என்றார். கால் கேட்டது! சேகர் சொன்னால் கேட்கிற மாதிரியே கேட்டது.

ஊசி இறங்கியது. அழுத்தம்தான். திடீரென்று தொடையிலிருந்து பெருவிரல் வரை அதே பழைய வலி, பளீரென்று. கத்திவிட்டேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அந்த நரம்புதான், சரியான இடம் என்றார். மருந்து போனது. மெல்ல மெல்ல, ஈரத்துணியால் துடைத்த மாதிரி, வலி காலிலிருந்து போனது.

ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். சேகர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு தொணதொணவென்று கேள்வி. "எவ்ளோ நேரம் ஆச்சு? குத்துனப்ப வலிச்சிச்சா? காலு மரத்துப் போவுதா? எத்தன நாள்ல வேலைக்கு வரலாம்? யாரு வேணும்னாலும் வரலாமா, இல்ல கிளினிக் கடுதாசி வேணுமா?" மோட்டரைப் பிரித்துப் போடும் போதும் இப்படித்தான் குடைவான். பொறுமையாகப் பதில் சொன்னேன்.

வலி: மாலை 1. ஒன்று! லெட்சுமி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏழு மாதிரி இருக்கு, நல்லா எழுதுங்க" என்றாள்.

வியாழன், 19 ஜூன்

பனி, தூறல்.

வலி: 6, 6.

நேற்று 2. இன்று திரும்ப வந்துவிட்டது. மரக்க வைத்தது விலகும், உள்ளே போன மருந்து வேலை செய்யச் சில நாள் ஆகும் என்று மிஸ்ஸி முன்பே சொல்லியிருந்தார். தெரிந்ததுதான். இருந்தாலும் பேக்டரி பக்கம் பார்க்காமல் வந்தேன்.

லெட்சுமி ரசம் வைத்தாள்.

சனி, 21 ஜூன்

வலி: 4, 4. செருப்பைக் குனிந்து போட்டேன். லெட்சுமி பார்த்தாள், பார்க்காத மாதிரி போனாள்.

செவ்வாய், 24 ஜூன்

நல்ல வெயில்.

வலி: 2, 2.

மேட்டு ரோட்டில் கோயில் வரை நடந்தேன், நிற்காமல். வழியில் நின்று என் பெருவிரலை அசைத்துப் பார்த்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அந்த வெள்ளைக் கையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது யாருடைய முதுகுக்கு மேல் நிற்கிறதோ. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாரோ.

வெள்ளி, 27 ஜூன்

வலி: 1, 2.

டாக்டர் கடுதாசியைத் துரையிடம் கொடுத்தேன். இன்னும் ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மிஷின் பிடிக்கலாம், மோட்டர் இல்லாத பக்கம் மட்டும். துரை இரண்டு முறை படித்தார். "சரி லா, மணியம். வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கள் பெரட்டுல ஒங்க பேரு. அதுவரைக்கும் நெறுவை ஷெட்டுல உக்காருங்க."

சேகர்-மணியம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். லெட்சுமி பாயசம் வைத்தாள். சேகரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அசதியாக இருக்கிறது, படுத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினான். ஆறு மணிக்கா?

திங்கள், 30 ஜூன்

காலையில் பனி இல்லை. மலை முழுக்கத் தெரிந்தது.

வலி: காலை 1.

பத்து மணிக்கு நிறுவை ஷெட்டிலிருந்து எழுந்து மேட்டு ரோட்டுக்குப் போனேன். ஏழாம் நம்பர் மிஷின் கீழே வெட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷம் அந்த மிஷினைப் பிடித்திருக்கிறேன், வெளியே நின்று பார்த்ததில்லை. பிடித்திருக்கும்போது கத்தியைத்தான் பார்ப்போம், எதிரே இருப்பவன் இடுப்பை யார் பார்த்தார்கள்.

சேகர் கோணலாக நடந்தான். உடம்பு வலப்பக்கம் சாய, இடது கால் பின்னால் இழுபட. வரிசை முடிந்ததும் மோட்டரைச் செடிமேல் வைத்துவிட்டு, இடது இடுப்பில் முஷ்டியால் குத்திக்கொண்டான். சரியாக நான் குத்திக்கொள்ளும் அதே இடம். பிறகு நின்று காலை உதறினான். ஈப்போ இறக்கத்தில் உதறிய மாதிரியே.

அன்றைக்கு அவன் நிலைப்படியில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தது. கடுதாசி வேணுமா என்று கேட்டது. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. இறங்கிப் போனேன். ரஹிம் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன், இத்தனை வருஷத்தில் எங்கள் தமிழை நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டான். என்னைப் பார்த்ததும் அவன்தான் முந்திக்கொண்டான். "அண்ணே, நீங்க சொல்லுங்க அவருக்கு. மோட்டர நான் புடிக்கிறேன்னா குடுக்க மாட்டேங்குறாரு."

"எத்தன நாளா மச்சான்?" என்றேன்.

சேகர் சிரித்து மழுப்பப் பார்த்தான். பிறகு சொன்னான். "ஒங்களுக்கு எட்டு இருக்குறப்ப, என் ஆறப் பத்தி என்னா பேசுறது மாமா?"

"மோட்டர எதுக்குடா புடுங்குன அன்னிக்கு?"

"அப்பவே நீங்க நொண்டுனீங்கல்ல. கனம் தாங்கலன்னு சொன்னா குடுத்திருப்பீங்களா? வேகமா ஓட்டுறீங்கன்னு சொன்னா கோவம் வரும். கோவம் வந்தா நீங்க கேள்வி கேக்க மாட்டீங்க."

ஒரு வெள்ளைக் கை ஒரு நாள் எனக்காக இடம் மாறி நின்றதற்கு நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். இவன் இரண்டு வருஷமாக, என் நொண்டலுக்குத் தக்கபடி சத்தத்தை ஏற்றி இறக்கி, என் எதிரே நடந்திருக்கிறான். நான் கோபமாக இருந்தேன்.

சட்டைப் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். புதுப் பக்கம் திருப்பி, மேலே 'சேகர்' என்று எழுதி, அதன் கீழே 'வலி: காலை' என்று எழுதிப் பென்சிலோடு நீட்டினேன்.

"ஒங்க நோட்டு இது, மாமா."

"பொய் எழுதாத. மிஸ்ஸி கண்டுபிடிச்சிருவாங்க."

மிஷின் மேலேயே வைத்து எழுதினான். 6. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பென்சிலின் பின்பக்கத்தால் அழித்தான்.

9.